மூடுபனிச் சங்கின் சுருதி: மால்கம் ஆர்னால்டின் ஊர்கள் வழியே

ஜூன் 17, 2025, செவ்வாய்: நார்தாம்டன்

ஆங்கிலேய இசையமைப்பாளர் மால்கம் ஆர்னால்டின் ஊரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் செருப்புகளைப் பார்த்துவிடுவது நல்லது. ரயில் நிலையத்திலிருந்து லேசான ஏற்றத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் ஊரின் நடுப்பகுதி வரும். நார்தாம்டன் அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. கட்டணம் கிடையாது. உலகின் பெரிய காலணிச் சேகரிப்புகளில் ஒன்று இதற்குள் இருக்கிறது. நமக்கு ஆம்பூர் எப்படியோ இங்கிலாந்துக்கு இந்த ஊர் அப்படி. தலைமுறை தலைமுறையாகத் தோலை வெட்டித் தைத்தே வளர்ந்தது. 1921 அக்டோபர் 21 அன்று ஆர்னால்டு பிறந்ததும் காலணி உற்பத்தி செய்த வீட்டில்தான். தாய்வழியில் மட்டும் அரச தேவாலயத்து இசைக்காரர் வில்லியம் ஹாஸின் வம்சம்.

பன்னிரண்டு வயதில் பௌர்ன்மத் நகரில் ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் வாசிக்கக் கேட்ட பையன் டிரம்பெட்டைக் கையில் எடுத்தான். பியானோவிலோ ஆர்கனிலோ வளர்ந்த இசையமைப்பாளர்கள் நிறைய உண்டு. ஆர்னால்டு வளர்ந்தது மூச்சில். அவருடைய மெட்டுகள் எங்கே மூச்சு வாங்குகின்றன என்று கவனித்தால் இது புரியும்.

செருப்பைப் பார்க்கச் சொன்னதற்குக் காரணம், டேவிட் லீன் 1954இல் எடுத்த ‘ஹாப்ஸன்ஸ் சாய்ஸ்’. சால்ஃபோர்டில் செருப்புக்கடை வைத்திருக்கும் குடிகாரத் தந்தை ஒருவரின் கதை. இசை ஆர்னால்டு. தந்தையாக நடித்த சார்ல்ஸ் லாட்டன் போதையில் தெருவில் தேங்கிய நீரில் நிலவைத் துரத்தும் காட்சியில் ஒரு ரம்பம் பாடுகிறது. ரம்பத்தின் பிடியை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கி, நுனியை ‘எஸ்’ வடிவில் வளைத்து, பல்லில்லாத விளிம்பில் வில்லை இழுப்பார்கள். வளைவு கூடினால் சுரம் ஏறும், தளர்ந்தால் இறங்கும். சுரத்துக்குச் சுரம் தாவ முடியாது, வழுக்கித்தான் போக முடியும். தள்ளாடும் மனிதனுக்கும் நீரில் நடுங்கும் நிலவுக்கும் இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை.

சந்தைச் சதுக்கத்தைப் புதுப்பித்துச் சென்ற ஆண்டுதான் திறந்திருக்கிறார்கள். மதியச் சாப்பாடு அங்கேயே: அவித்த மொச்சை ஊற்றிய சுட்ட உருளைக்கிழங்கு, 7 பவுண்டு. உப்பும் மிளகும் நாமே போட்டுக்கொள்ள வேண்டும், அதுவும் தாராளமாக. கடைக்கார அம்மாளிடம் ஆர்னால்டு பெயரைச் சொன்னதும், “குவாய் பாலம்தானே!” என்று கேட்டு, மிச்சச் சில்லறையை எண்ணி முடிக்கும்வரை அந்த மெட்டை முணுமுணுத்தார். அவர் முணுமுணுத்தது ஆர்னால்டு எழுதிய மெட்டு இல்லை. அந்தக் கதை சனிக்கிழமைப் பகுதியில்.

கெட்டரிங் சாலையில் உள்ள புனித மத்தேயு ஆலயம் எந்நேரமும் திறந்திருப்பதில்லை; முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போங்கள். ஹென்றி மூர் செதுக்கிய தாயும் சேயும், எதிர்ப்பக்கம் கிரஹாம் சதர்லாந்தின் சிலுவை ஓவியம். வால்டர் ஹஸி என்ற பாதிரியார் நவீனக் கலைஞர்களைத் தேடிப் பிடித்து வேலை கொடுத்த இடம் இது. இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1943இல் இங்கே பாட ஒரு படைப்பு எழுதினார். ஆர்னால்டு 1950இல் ‘லௌதாத்தே டோமினும்’ என்ற துதிப்பாடல் எழுதினார். கதவைத் திறந்துவிட்ட தன்னார்வலர், மூரின் சிற்பத்தைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்பதற்கு முன்பே “கூடாது” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பில்லிங் சாலையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. கவிஞர் ஜான் கிளேர் 1841 முதல் 1864இல் இறக்கும்வரை இங்கே இருந்தார். ஆர்னால்டும் 1979இல் மனச்சோர்வுக்கும் குடிப்பழக்கத்துக்கும் சிகிச்சை பெற இங்கே வந்து சேர்ந்தார். ஆஸ்கர் வாங்கியவர், எட்டு சிம்பொனி எழுதி முடித்தவர், பிறந்த ஊருக்கு நோயாளியாகத் திரும்பினார். இது இயங்கும் மருத்துவமனை. வெளியிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதே முறை.

ஆர்னால்டின் இசையைக் கேட்க வேண்டுமென்றால் ஜூனில் வந்து பயனில்லை. இங்கே மால்கம் ஆர்னால்டு விழா அக்டோபரில்தான் நடக்கும், 2006இலிருந்து நடந்துவருகிறது.

ஜூன் 18, புதன்: லண்டன்

நார்தாம்டன் ரயில் யூஸ்டனில் இறக்கிவிடுகிறது. ஐந்து நிமிட நடையில் டிரம்மண்ட் தெரு. வரிசையாக இந்தியச் சைவ உணவகங்கள். மசால் தோசை 9 பவுண்டை நெருங்குகிறது. சாம்பாரில் இனிப்புத் தூக்கல். ஆனாலும் வெயில் ஏறும் முன் வயிற்றை நிரப்பிக்கொள்ள இதுவே சரியான இடம். இன்று லண்டன் கொதித்தது. சுரங்க ரயிலில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் ஏறவே கூடாது. ஆழத்தில் ஓடும் பாதைகள் பலவற்றில் குளிர்சாதனம் கிடையாது.

சவுத் கென்சிங்டனில் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக். 1938இல் உதவித்தொகையோடு சேர்ந்த ஆர்னால்டு, இசையமைப்பைக் கார்டன் ஜேகப்பிடமும் டிரம்பெட்டை எர்னஸ்ட் ஹாலிடமும் படித்தார். 1941இல் லண்டன் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவில் டிரம்பெட் வாசிக்கச் சேர்ந்து, 1943இல் முதல் டிரம்பெட் ஆனார். கல்லூரியின் அருங்காட்சியகம் சிறியது, ஆனால் 1480 வாக்கில் செய்த, நிமிர்ந்து நிற்கும் கம்பிக் கட்டைவாத்தியம் ஒன்று அங்கே இருக்கிறது. அதற்காகவே போகலாம்.

ஆர்கெஸ்ட்ராவில் டிரம்பெட் நாற்காலி ஒரு பள்ளிக்கூடம். வயலின்காரருக்கு ஓய்வே இருக்காது. டிரம்பெட்காரர் அறுபது எழுபது தாளவட்டம் சும்மா இருந்து, பிறகு எழுந்து நான்கு சுரம் ஊதுவார். சும்மா இருக்கும் நேரத்தில் எண்ணிக்கை தவறாமலிருக்க மற்றவர்களைக் கேட்டபடியே இருந்தாக வேண்டும். எந்தக் கருவி எங்கே அமுங்கிப்போகிறது, எது எதைத் தாண்டிக் கேட்கிறது என்று ஆர்னால்டு கற்றது அங்கே உட்கார்ந்துதான். அவர் எழுதிய பகுதிகளை வாசிப்பவர்கள் விரும்புவதற்குக் காரணம் உண்டு. எந்த வாத்தியத்துக்கும் அது நன்றாக ஒலிக்கும் எல்லையிலேயே எழுதுவார்; இரண்டாவது கிளாரினெட்டுக்கும் ஒரு நல்ல வரியாவது ஒதுக்குவார்.

கல்லூரிக்கு எதிரே படியேறினால் ராயல் ஆல்பர்ட் ஹால். 1969 செப்டம்பர் 24 அன்று டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவும் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவும் ஒரே மேடையில், அந்த ராக் குழுவைச் சேர்ந்த ஜான் லார்டின் கான்செர்ட்டோவை வாசித்தன. நடத்தியவர் ஆர்னால்டு. அதே நிகழ்ச்சியில் அவருடைய ஆறாம் சிம்பொனியும் இருந்தது. இப்படிப்பட்ட கூட்டில் இரண்டு இடங்களில் கெட்டுப்போகும். ஒன்று ஒலி: பெருக்கியில் வரும் கிட்டாரின் முன்னால் இயல்பாக ஒலிக்கும் வயலின்கள் எத்தனை பேர் வாசித்தாலும் கரைந்துவிடும். இன்னொன்று காலம்: ராக் குழு டிரம்மரைப் பின்பற்றும், ஆர்கெஸ்ட்ரா நடத்துபவரின் கோலைப் பின்பற்றும், அதன் ஓசை பெரும்பாலும் கோலுக்குச் சற்றுப் பிந்தியே ஒலிக்கும், டிரம்மோ அடித்த நொடியிலேயே கேட்டுவிடும். நடத்துபவர் டிரம்மரைத் தன் கையோடு கட்டிப்போட வேண்டும். ஒத்திகையில் அலட்சியம் காட்டிய ஆர்கெஸ்ட்ராக்காரர்களை ஆர்னால்டு கடுஞ்சொற்களால் திட்டி வழிக்குக் கொண்டுவந்தார் என்பது அன்று வாசித்தவர்கள் பலர் சொன்ன செய்தி.

இங்கிருந்து கென்சிங்டன் பூங்காவைக் குறுக்காகக் கடந்தால் அரைமணிக்குள் நாட்டிங் ஹில். மரநிழல் இருந்ததால் நடக்க முடிந்தது. 1958இல் இந்தத் தெருக்களில் கரீபியரை வெள்ளைக் கும்பல்கள் தாக்கின. ஆர்னால்டின் பதில் 1960இல் வந்த நான்காம் சிம்பொனி. கரீபிய வாசனையுள்ள தாளவாத்தியங்களான மரிம்பாவையும் பாங்கோவையும் டாம்-டாமையும் ஆர்கெஸ்ட்ராவின் நடுவே கொண்டுவந்து உட்காரவைத்தார். அவற்றின் பக்கத்தில் வானொலியில் கேட்பதுபோல ஓர் இனிய மெட்டு. கடைசிப் பகுதியில் அந்த இனிமையை ஒரு முரட்டு அணிவகுப்பு மிதித்துக்கொண்டு போகிறது. அன்றைய விமர்சகர்கள் பலர் அந்த மெட்டைச் சினிமாத்தனம் என்று ஒதுக்கினார்கள். அவர்கள் பிழைபட்டார்கள் என்றே சொல்வேன். மெட்டு அவ்வளவு இனிமையாக இல்லாவிட்டால் அணிவகுப்பு யாரை மிதிக்கும்?

நமக்கு இந்த வாதம் புதிதல்ல. மார்ச் 8இல் இதே லண்டனில் இளையராஜா தன் சிம்பொனியை அரங்கேற்றியபோதும், சினிமா இசையமைப்பாளர் சிம்பொனி எழுதலாமா என்ற கேள்வி எங்கோ ஓரத்தில் கேட்டது. ஆர்னால்டு நூற்றுக்கும் மேற்பட்ட படங்களுக்கு எழுதினார், சிம்பொனிகள் ஒன்பது. ஒரே கைதான் இரண்டையும் எழுதியது.

மாலையில் தேம்ஸின் தென்கரை. ராயல் ஃபெஸ்டிவல் ஹாலின் முன்கூடம் எல்லோருக்கும் திறந்திருக்கும். உட்காரலாம், தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம், யாரும் எழுப்பமாட்டார்கள். 1956 நவம்பரில் ஜெரார்டு ஹாஃப்னங் என்ற ஓவியர் இங்கே ஒரு நகைச்சுவை இசைவிழா நடத்தினார். அதற்கு ஆர்னால்டு எழுதிய ‘கிராண்ட் கிராண்ட்’ முன்னிசைக்கு வேண்டியவை: முழு ஆர்கெஸ்ட்ரா, ஆர்கன், மூன்று தூசி உறிஞ்சிகள், தரை மெருகேற்றி ஒன்று, துப்பாக்கி நான்கு. அர்ப்பணிப்பு, தூசி உறிஞ்சிக் கம்பெனியின் பெயரையே கொண்ட முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஹூவருக்கு. இன்று இதை மேடையேற்றுகிறவர்கள் பழைய நிமிர்ந்த மாதிரிகளைத் தேடிப் பிடிப்பது நல்லது. புது இயந்திரங்களின் ஓசை ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டாது. உறிஞ்சிகளையும் மெருகேற்றியையும் ஒரே மின்சுற்றில் செருகினால் ஃப்யூஸ் போகலாம்.

ஹாஃப்னங் 1959இல் முப்பத்துநான்கு வயதில் இறந்தார். கொம்பு வாத்தியக்காரர் டென்னிஸ் பிரெயின் அதற்கு முன்பே கார் விபத்தில் போயிருந்தார். இளமையில் இறந்த இந்த நண்பர்களின் நினைவில்தான் 1961இன் ஐந்தாம் சிம்பொனி பிறந்தது. இரண்டாம் பகுதியின் பேரழகு மெட்டு கடைசியில் முழு ஆர்கெஸ்ட்ராவோடு திரும்பி வந்து உச்சத்தில் நிற்கும்போதே சரிந்து, மைனர் என்ற சோகச் சுரவரிசையில் மணியோசையோடு அவிந்துபோகும். ஆர்னால்டில் ஒரே ஒரு படைப்பைக் கேட்க நேரமுள்ளவர்கள் இதைக் கேட்கட்டும்.

ஜூன் 19, வியாழன்: பாட்ஸ்டோ

பேடிங்டனிலிருந்து போட்மின் பார்க்வே ஏறக்குறைய நான்கு மணி நேரம். இடப்பக்க ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். எக்ஸெட்டர் தாண்டியதும் தண்டவாளம் கடலின் ஓரத்திலேயே ஓடுகிறது. பிளிமத் கடந்ததும் புரூனல் 1859இல் முடித்த பாலத்தில் டாமர் ஆற்றைத் தாண்டினால் கார்ன்வால். போட்மினிலிருந்து பாட்ஸ்டோவுக்குப் பேருந்து, 3 பவுண்டு. இங்கிலாந்தில் பெரும்பாலான உள்ளூர்ப் பேருந்துகளில் இந்த ஆண்டு அதுவே உச்சக் கட்டணம். வேலிகளுக்கு நடுவே ஒற்றை வண்டி போகும் சாலைகள். எதிரே டிராக்டர் வந்தால் யாராவது பின்னால் போயாக வேண்டும். யார் போவது என்பதை இரு ஓட்டுநர்களும் கையை உயர்த்தியே முடிவுசெய்கிறார்கள், ஹாரன் சத்தமே இல்லை.

துறைமுகத்தில், உள்ளே பூரணம் வைத்து மடித்துச் சுட்ட பாஸ்டி வாங்கினோம், 5 பவுண்டுக்குச் சற்று மேல். ‘கார்னிஷ் பாஸ்டி’ என்று பெயர் வைக்க 2011இலிருந்து சட்டம் உண்டு: கார்ன்வாலில் செய்திருக்க வேண்டும், மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, ஸ்வீடு என்ற மஞ்சள் கிழங்கு, வெங்காயம், மடிப்பு பக்கவாட்டில் இருக்க வேண்டும். இறைச்சி உண்ணாதவர்கள் சீஸ்-வெங்காயம் கேளுங்கள். திறந்த வெளியில் சுவருக்கு முதுகைக் கொடுத்து நின்று சாப்பிடவேண்டும். கடற்காகம் பின்னாலிருந்து வரும். பக்கத்தில் நின்ற ஒரு சிறுமியின் பாஸ்டி பாதி போய்விட்டது. கடைக்காரர் வெளியே வந்து ஒரு வார்த்தை பேசாமல் புதிதாக ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆர்னால்டு 1965இலிருந்து 1972வரை இங்கிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் செயின்ட் மெரின் கிராமத்தில் வாழ்ந்தார். 1966இல் நான்கு ‘கார்னிஷ் நடனங்கள்’ எழுதினார். அவர் முன்பு எழுதிய ‘ஆங்கில நடனங்க’ளைப் போல அவை கொண்டாட்டமாக மட்டும் இல்லை. கைவிட்ட தகரச் சுரங்கங்களும், மெத்தடிஸ்ட் கோயில்களில் உரத்துப் பாடும் கீர்த்தனைகளும் அதில் இருக்கின்றன. 1968இல் ட்ரூரோ பேராலயத்தில் தாமஸ் மெரிட்டுக்கு ஒரு கச்சேரி நடத்தினார். மெரிட் 1908இல் மறைந்த, சுரங்கத்தில் வேலைசெய்த, கிறிஸ்துமஸ் கரோல் பாடல்களுக்கு இசையமைத்தவர். கார்ன்வாலுக்கு வெளியே அவரைப் பலருக்குத் தெரியாது. ஆர்னால்டு அவருக்காக இரண்டு பித்தளை வாத்தியக் குழுக்களுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமாக ஒரு வணக்க இசை எழுதினார். புகழ்பெற்ற ஒருவர் குடிபோன ஊருக்குச் செய்யக்கூடிய மரியாதை இது.

ஜூன் 20, வெள்ளி: ட்ரெவோஸ் முனை

காலையில் ஹார்லின் கடற்கரைக்குப் பேருந்து. அங்கிருந்து கரையோரப் பாதையில் மேற்கே நடந்தால் மதர் ஐவிஸ் விரிகுடா, உயிர்காப்புப் படகு நிலையம், அதைத் தாண்டி ட்ரெவோஸ் முனைக் கலங்கரை விளக்கம். கடைசியில் கான்ஸ்டன்டைன் விரிகுடாவில் இறங்கினால் மீண்டும் பேருந்துப் பாதை. நின்று நிதானித்து நடந்தால் மூன்று மணி நேரம். வழியில் நிழல் கிடையாது. தொப்பியும் இரண்டு லிட்டர் தண்ணீரும் கட்டாயம்.

பாட்ஸ்டோவின் படகு முன்பு ஆற்றின் கழிமுகத்துக்குள் ஹாக்கர்ஸ் கோவ் என்ற இடத்தில் இருந்தது. வாய்க்கால் மணலால் தூர்ந்துபோனது. டூம் பார் என்ற மணல்திட்டு எத்தனையோ கப்பல்களை விழுங்கிய இடம். நீர் வற்றும் நேரத்தில் உயிர்காப்புப் படகே தரைதட்டினால் என்ன செய்வது? எனவே 1967இல், எந்நேரமும் ஆழம் உள்ள இந்த விரிகுடாவுக்கு நிலையத்தை மாற்றினார்கள். அதற்காக ஆர்னால்டு எழுதியதுதான் ‘பாட்ஸ்டோ லைஃப்போட்’ அணிவகுப்பு. இப்போது பாறைக்குக் கீழே தெரிவது 2006இல் வந்த ‘ஸ்பிரிட் ஆஃப் பாட்ஸ்டோ’ படகுக்காகக் கட்டிய புதிய கூடம். படகு சரிவுப்பாதையில் நேராகக் கடலுக்குள் வழுக்கி இறங்கும்.

அந்த அணிவகுப்பில் நடுநடுவே ஒரு தாழ்ந்த சுரம், மெட்டின் சுருதியோடு ஒட்டாமல், முரட்டுத்தனமாக நுழையும். மூடுபனியில் கப்பல்களை எச்சரிக்க ஊதும், கலங்கரை விளக்கத்தின் மூடுபனிச் சங்கு அது. 1847இல் ஏற்றிய விளக்கு. சங்கை 1963இல் மாற்றி எட்டுக் குழல்கள் உள்ள புதிய ஒன்றை வைத்தார்கள். ஆர்னால்டு கேட்டது அதைத்தான். உண்மையான சங்கின் சுருதி மேற்கத்திய சுரங்களான ‘சி’க்கும் ‘டி’க்கும் நடுவே அலைந்தது என்றும், இசைக்காகத் தான் அதை ‘டி’யிலேயே நிறுத்திவிட்டதாகவும் அவரே குறிப்பு எழுதியிருக்கிறார்.

வாசிக்கிற குழுக்கள் இந்த இடத்தில்தான் தவறுகின்றன. பித்தளை வாத்தியக் குழுவின் பழக்கமே ஒருவர் ஓசையில் ஒருவர் கரைவது. அபசுரம் கேட்டதும் வாய் தானாகவே அதைச் சரிசெய்யப் பார்க்கும், அல்லது ஓசையைக் குறைக்கும். இரண்டும் கூடாது. நாக்கால் பளிச்சென்று தொடங்கி, அதிர்வு கொடுக்காமல், ஏற்ற இறக்கம் இல்லாமல், ஒரே பலத்தில் ஊதி, வெட்டியதுபோல நிறுத்த வேண்டும். குழுவின் மிகத் தாழ்ந்த வாத்தியமான பி-பிளாட் பாஸில் இந்த ‘டி’ தாளில் ‘ஈ’யாக எழுதப்படும், ஒன்றாம் இரண்டாம் வால்வு. ஈ-பிளாட் பாஸில் ‘பி’. இரண்டாம் வால்வு மட்டும். தாளவட்டம் எண்ணுகிறவர் ஒன்று பிந்தினாலும் சங்கு பிழைபோலக் கேட்கும். சரியான இடத்தில் விழுந்தால்தான் பாறை நினைவுக்கு வரும்.

ஆர்னால்டின் கைவேலை முழுவதையும் இந்தச் சங்கிலேயே கேட்டுவிடலாம். நல்ல மெட்டு ஒன்றை எழுதுவார். அதற்கு உறவில்லாத ஒன்றைப் பக்கத்திலேயே வைப்பார். இரண்டையும் சமாதானப்படுத்தாமல் ஒன்றாக நடக்கவிடுவார். தூசி உறிஞ்சியும் பாங்கோவும் ராக் கிட்டாரும் அப்படி வந்தவைதான். 1968இல் தொழிற்சங்கப் பேரவையின் நூற்றாண்டுக்கு எழுதிய ‘பீட்டர்லூ’விலும் இதே வழிதான்: மான்செஸ்டரில் 1819இல் கூடிய மக்களுக்கு ஒரு கீர்த்தனை போன்ற மெட்டு, அதன்மேல் படையின் முரசு.

இன்று வானம் கண்ணாடி. படகு நிலையத்துக்கு மேலே நின்ற முதியவர், இந்தப் பாதையில் தினமும் நாயோடு வருபவராம், மூடுபனி வேண்டுமென்றால் தென்மேற்குக் காற்று அடிக்கும் நாளில் வாருங்கள் என்றார். திரும்பும் வழியில் தேநீரும் ஸ்கோனும், 8 பவுண்டு. கார்ன்வாலில் முதலில் ஜாம், அதன்மேல் கிரீம். மாற்றிப் போட்டால் பரிமாறுபவர் ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் பார்ப்பார்.

ஜூன் 21, சனி: ரயிலில்

மேற்கு முனையிலிருந்து கிழக்கு முனைக்கு ஒரே நாளில் போவதை யாருக்கும் பரிந்துரைக்க முடியாது. தென்கிழக்கில் வெயில் 33 டிகிரி. ரயில் பெட்டியில் குளிர்சாதனம் நின்றுபோய், ஜன்னலும் திறக்காத நிலையில், ரெடிங் தாண்டும்வரை பெட்டி வெந்தது. ஊழியர் ஒருவர் தண்ணீர் டப்பிகளைக் கொண்டுவந்து, குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் முதலில் கொடுத்தார். எதிரே இருந்த மாணவர்கள் யாரும் சொல்லாமலே குளிர்ந்த அடுத்த பெட்டியில் இருந்த தங்கள் இருக்கைகளை இரண்டு பாட்டிகளுக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

சந்தையில் அந்த அம்மாள் முணுமுணுத்த மெட்டுக்கு வருவோம். அது ‘கர்னல் போகி’. 1914இல் எஃப். ஜே. ரிக்கெட்ஸ் என்ற ராணுவ வாத்தியக்குழுத் தலைவர், கென்னத் ஆல்ஃபோர்டு என்ற புனைபெயரில் எழுதியது. பஞ்சமத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு இறங்கும் இரண்டே சுரத்தில் தொடங்கும். போர்க்காலத்தில் சிப்பாய்கள் இதற்குக் கட்டிய கொச்சை வரிகள் எல்லோருக்கும் தெரிந்திருந்தன. திரையில் பாட முடியாது. அதனால் 1957இல் வந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தில், ஜப்பானியரிடம் பிடிபட்டு ரயில்பாதை வேலைக்கு வந்த போர்க்கைதிகள் விசிலடித்துக்கொண்டு முகாமுக்குள் வருகிறார்கள். தனி விசில் நீளும்போது சுருதி நழுவும். ஆர்கெஸ்ட்ரா பிறகு சேரும்போது அது பல்லிளிக்கும். பிக்கோலோ ஒன்றை விசிலோடு சேர்த்து ஆர்னால்டு சுருதியைப் பிடித்து வைத்தார். பின்னர் ஆர்கெஸ்ட்ரா நுழையும்போது, போகியின் மேலேயே தன் சொந்த அணிவகுப்பை ஏற்றினார். ஆர்னால்டு எழுதியது இந்த இரண்டாவது மெட்டுதான். ஹெட்ஃபோனில் கேட்டு விசிலை மனதால் ஒதுக்கிவிட்டால் அது தெளிவாகத் தெரியும். முழுப் படத்துக்கும் எழுத அவருக்குக் கிடைத்தது பத்து நாள். ஆஸ்கர் அடுத்த ஆண்டு வந்தது.

1958இல் ‘தி இன் ஆஃப் தி சிக்ஸ்த் ஹேப்பினஸ்’ படத்திலும் இதே உத்தி: குழந்தைகள் பாடும் பழைய எண்ணுப்பாட்டின் மேல் தன் மெட்டு. காந்தியின் கொலையைப் பற்றி 1963இல் வந்த ‘நைன் ஹவர்ஸ் டு ராமா’வுக்கும் இசை இவர்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

குவாய் படத்தின் பாலம் இலங்கையின் கித்துல்கலவில், களனி ஆற்றின் குறுக்கே மரத்தால் கட்டப்பட்டது. 1957 மார்ச்சில் கேமராக்களின் முன் தகர்த்தார்கள். தூண்களின் அடிப்பகுதி இன்றும் தெரியும். சயாம் மரண ரயில் என்று மலேசியத் தமிழர் சொல்லும் உண்மையான பாதை, பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாத் வரை 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். இறந்த ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கை நேச நாட்டுக் கைதிகளுடையதைவிடப் பல மடங்கு. படத்தில் அவர்களுக்கு இடமில்லை. அது ஆர்னால்டின் குற்றம் அல்ல, கைக்கு வந்த காட்சிக்கு எழுதினார். ஆனாலும் அந்த விசில் உலகெங்கும் குதூகலமாகக் கேட்கப்படுவதைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது. அவர் மேலே ஏற்றிய இரண்டாவது மெட்டிலாவது விறைப்பு இருக்கிறது. சிரிக்காத மெட்டு அது.

நாரிச் வந்து சேர்ந்தபோது இரவு பத்தரை.

ஜூன் 23, திங்கள்: அட்டில்பரோ

நாரிச்சிலிருந்து கேம்பிரிட்ஜ் பாதையில் இருபது நிமிடத்துக்குள் அட்டில்பரோ. காற்று மாறியிருந்தது, சட்டைக்கு மேல் ஒன்று தேவைப்பட்டது. பார்க்க இருப்பது புனித மரியாள் ஆலயமும், அதன் அகலம் முழுக்க நிற்கும் 15ஆம் நூற்றாண்டு மரத்திரையும். ஆர்னால்டின் வீடு தனியார் குடியிருப்பு. தேடிப் போய்க் கதவைத் தட்டாதீர்கள்.

1984இல் ஆண்டனி டே என்பவர் ஆர்னால்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்றார். மருத்துவர்கள் அதிகக் காலம் கொடுக்கவில்லை. ஆனால் ஆர்னால்டு அவருடைய பராமரிப்பில் இருபத்திரண்டு ஆண்டு வாழ்ந்தார். 1986இல் ஒன்பதாம் சிம்பொனியை எழுதி அவருக்கே அர்ப்பணித்தார். தாளில் பார்த்தவர்கள் தயங்கினார்கள். பக்கங்கள் வெறுமையாகத் தெரிந்தன. பல இடங்களில் இரண்டே இரண்டு வரி ஓடுகிறது. 1992 ஜனவரியில்தான் மான்செஸ்டரில் சார்ல்ஸ் குரோவ்ஸ் நடத்தி அரங்கேறியது. இதில் சங்கில்லை, முரசில்லை, பக்கத்தில் உட்காரவைக்க எதிராளி யாரும் இல்லை. கடைசிப் பகுதி மெதுவாக, படைப்பில் ஏறக்குறையப் பாதி நேரம் ஓடுகிறது. முடிவில் டி மேஜர் என்ற ஒரு சுரக்கூட்டு. பலவீனமான முதியவரின் கைவறட்சி என்று சிலர் இன்றும் சொல்கிறார்கள். வாழ்நாள் முழுக்க இரண்டு மெட்டுகளை மோதவிட்டவர், மோதலை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று இங்கே கேட்டுப் பார்த்திருக்கிறார் என்பது எங்கள் கருத்து.

2006 செப்டம்பர் 23 அன்று நாரிச் மருத்துவமனையில் இறந்தார். அன்று மாலை பிராட்ஃபோர்டில் அவருடைய இசையில் அமைந்த ‘தி த்ரீ மஸ்கட்டியர்ஸ்’ பாலே முதல்முறையாக மேடையேறியது.

நாரிச் சந்தையில் மதியம் சிப்ஸ், 4 பவுண்டு, வினிகர் கேட்டால் காகிதம் நனையும்வரை ஊற்றுகிறார்கள். ஒன்பதாம் சிம்பொனியைக் கேட்க நினைப்பவர்களுக்கு: ஆண்ட்ரூ பென்னி அயர்லாந்து தேசிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு ஒன்பதையும் பதிவுசெய்திருக்கிறார், நாக்ஸாஸ் வெளியீடு. கடைசிப் பகுதிக்கு முன் ஒலியைக் கூட்டாதீர்கள். மெல்லிய இடங்கள் மெல்லியதாகவே இருக்கட்டும். முதலில் ஐந்தாவது, பிறகு நான்காவது, அதற்குப் பிறகு இது.